மாசம் 3 லட்சம் கைக்கு வருது, இதுல எவ்வளவு தர்மத்துக்கு ஒதுக்குவீங்க?

ஓஎம்ஆர்_வாசி:

வணக்கம் மக்களே, வீட்ல இத பேசினா சண்டையாகுது, ஆபீஸ்ல பேசினா சீன் போடறான்னு நினைப்பாங்க, அதான் இங்க கேக்கறேன். எனக்கு 37 வயசு, சென்னைல ஒரு ப்ராடக்ட் கம்பெனில வேலை, சிடிசி (கம்பெனி கணக்குல மொத்த வருஷ சம்பளம்) 52 லட்சம் கிட்ட, டாக்ஸ் பிஎஃப் எல்லாம் போக மாசம் சுமாரா 3 லட்சம் அக்கவுண்ட்ல விழுது. இதுபோக வருஷத்துக்கு ஒருதடவ போனஸ், கொஞ்சம் கம்பெனி ஷேர். ஒய்ஃப் ஸ்கூல் டீச்சர், அவங்க சம்பளத்துல நான் கை வைக்கறதில்ல. வீட்டு லோன் இஎம்ஐ 78,000, பையன் மூணாங்கிளாஸ், மன்னார்குடி பக்கம் ஊர்ல இருக்கற அப்பா அம்மாவுக்கு மாசாமாசம் அனுப்பறேன், தங்கச்சி வீட்டுக்காரருக்கு கடை சரியா ஓடல, அங்கயும் அப்பப்ப போகுது. இவ்வளவும் போயும் மிச்சம் நல்லாவே நிக்குது, பொய் சொல்ல விரும்பல.

இப்ப நான் குடுக்கறது எப்படின்னா, யாராவது வாட்ஸப்ல ஒரு ஆபரேஷன் போஸ்டர் அனுப்பினா 2,000, கோயில் கும்பாபிஷேகம்னு ஊர்லேர்ந்து போன் வந்தா 5,000, பையன் பொறந்தநாளுக்கு ஒரு ஹோம்ல சாப்பாடு, வெள்ளம் புயல்னா கொஞ்சம். யார் கேட்டாங்களோ அவங்களுக்கு போகுது, யாருக்கு தேவையோ அவங்களுக்கு போகுதான்னு தெரியல. அதனால ஒரு கணக்கு வச்சுக்கலாம்னு தோணுது. ஆனா எத்தன பர்சன்ட்? டாக்ஸுக்கு முன்னாடியா பின்னாடியா? தங்கச்சிக்கு குடுக்கறது இதுல சேருமா? இல்ல இப்போதைக்கு சேத்து வச்சுட்டு 50 வயசுக்கு மேல பெருசா ஏதாவது பண்றது புத்திசாலித்தனமா? நீங்க என்ன பண்றீங்க, நெஜமா பண்றத சொல்லுங்க, அட்வைஸ் மட்டும் வேணாம்.

மதுரை_மைனர்:

அண்ணே தப்பா நினைக்காதீங்க, 37 வயசுல ஐடில இருக்கீங்க, 45க்கு மேல அந்த ஃபீல்டுல எத்தன பேர நிக்க விடுறாய்ங்க? ஒரு மெயில் வரும், லேப்டாப்ப குடுத்துட்டு போன்னுருவாய்ங்க, அன்னைக்கி இஎம்ஐ 78,000 யாரு கட்டுவா, நீங்க சோறு போட்ட ஹோம்காரய்ங்களா? தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்னு பெரியவங்க சும்மா சொல்லல. மொதல்ல லோன முடிங்க, ஒரு வருஷ செலவுக்கு எஃப்டி போடுங்க, அப்பா அம்மாவுக்கு நல்ல மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுங்க (65 தாண்டிட்டா பிரீமியம் சும்மா எகிறும்), அதுக்கப்புறம் பர்சன்ட் பேசலாம். அதுவரைக்கும் தங்கச்சி குடும்பத்த பாத்துக்கறதே பெரிய தர்மம். நான் பண்றத கேட்டீங்கன்னா, கடைல வேலை பாக்கற பயலுகளோட பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டறேன், அவ்வளவுதான், அது எத்தன பர்சன்ட்டுன்னு நான் எண்ணிப் பாத்ததில்ல.

கடலோர_காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும் / வணக்கம். எங்க பக்கம் (கீழக்கரை) இந்த கேள்விக்கு ரொம்ப யோசிக்க வேண்டியதில்ல, கணக்கு ஏற்கனவே போட்டு வச்சிருக்கு. ஆனா நிறைய பேர் நினைக்கற மாதிரி ஜகாத் (முஸ்லிம்கள் வருஷாவருஷம் கட்டாயம் குடுக்க வேண்டிய தர்மம்) சம்பளத்துல 2.5% கிடையாது. அது சேந்து கிடக்கற சொத்து மேல. கையில உள்ள காசு, பேங்க்ல கிடக்கறது, ஷேர், வியாபார சரக்கு, தங்கம் வெள்ளி, இதெல்லாம் ஒரு அளவுக்கு மேல (நம்மூர் கணக்குக்கு சுமார் 11 பவுன் தங்கத்தோட மதிப்பு, சிலபேர் வெள்ளிக் கணக்க எடுப்பாங்க, அது இன்னும் கம்மி) ஒரு சந்திர வருஷம் பூரா இருந்துச்சுன்னா நாப்பதுல ஒரு பங்கு குடுத்தாகணும். குடியிருக்கற வீடு, ஓட்டற வண்டிக்கு கிடையாது. பொம்பளைங்க போடற நகைக்கு உண்டா இல்லையாங்கறதுல மத்ஹபுக்கு மத்ஹப் (இஸ்லாமிய சட்டப் பிரிவு) வித்தியாசம், அதுக்குள்ள இப்ப போக வேணாம். ஆக 40 லட்சம் சேத்து வச்சிருக்கவன் 1 லட்சம் குடுக்கணும், அடுத்த வருஷமும் அது அப்படியே கிடந்தா அடுத்த வருஷமும் குடுக்கணும். சும்மா முடக்கி வச்சா கரைஞ்சுகிட்டே வரும், அதான் சூட்சுமம்.

தங்கச்சி விஷயத்துக்கு எங்க சட்டத்துல ஒரு நல்ல கோடு இருக்கு. பெத்தவங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பொண்டாட்டிக்கும் ஜகாத் குடுக்கக் கூடாது, ஏன்னா அவங்கள பாத்துக்கறது ஒன் கடமை, கடமைய தர்மக் கணக்குல எழுதக்கூடாது. ஆனா கூடப்பொறந்தவங்க நெஜமாவே கஷ்டப்பட்டா அவங்களுக்கு தாராளமா குடுக்கலாம், அன்னியருக்கு குடுக்கறதவிட அது விசேஷம்னே சொல்லுவாங்க. கடன்ல மாட்டிகிட்டவங்க ஜகாத் வாங்க தகுதி உள்ள எட்டு வகையில ஒண்ணு. ஒங்க மச்சானுக்கு கடை நொடிச்சு கடன்னா சேரும், வீட்டுக்கு ஏசி வாங்கித் தர்றது சேராது.

இன்னொண்ணு, வெள்ளாமைக்கு தனி ரேட்டு தெரியுமா? மழைய நம்பி வெளையறதுக்கு பத்துல ஒண்ணு, தண்ணி இறைச்சு பாடுபட்டு வெளைய வச்சதுக்கு இருபதுல ஒண்ணு. அதாவது நீ வேர்வை சிந்தினதுக்கு கம்மி, மேலேர்ந்து தானா விழுந்ததுக்கு ஜாஸ்தி. ஒங்க மாச சம்பளம் எது, போனஸும் கம்பெனி ஷேரும் எதுன்னு நீங்களே பாத்துக்கங்க.

ஓஎம்ஆர்_வாசி:

காக்கா அந்த கடைசி பாரா செம. ஷேர் விலை ஏறினதுல எனக்கு ஒரு பங்கும் இல்ல, நான் தூங்கிட்டு இருக்கும்போது ஏறினது. இந்த கோணத்துல நான் யோசிச்சதே இல்ல.

மைனர் அண்ணே, நீங்க சொன்ன இன்சூரன்ஸ், எஃப்டி எல்லாம் இருக்கு. லோன் முடியட்டும்னா இன்னும் 11 வருஷம் இருக்கு, அதுக்குள்ள இன்னொரு லோன் வந்துரும், எனக்கு என்னைப்பத்தி தெரியும்.

ஆடிட்டர்_ஆபீஸ்:

டாக்ஸ் பத்தி யாரும் பேசல, அதனால நான். இப்ப புது வரி முறைதான் டீஃபால்ட், சார் சம்பளத்துக்கு பெரும்பாலும் அதுலதான் இருப்பீங்க (பழைய முறை லாபமாகணும்னா சுமார் 8 லட்சத்துக்கு மேல கழிவு காட்டணும், பெரிய எச்ஆர்ஏ, அதாவது வீட்டு வாடகைப் படி, இல்லாம அது கஷ்டம்). புது முறைல 80ஜி (நன்கொடைக்கு கிடைக்கற வரிக்கழிவு) கிடையாது. நீங்க 10 ரூபா குடுத்தாலும் 10 லட்சம் குடுத்தாலும் வரியில ஒரு பைசா குறையாது. இத சொன்னதும் பாதி க்ளையண்டு "அப்ப வேணாம் சார்"னு போனை வச்சுடறாங்க, அது அவங்க இஷ்டம்.

பழைய முறைல இருக்கறவங்களுக்கு: சாதாரண டிரஸ்டுக்கு குடுத்தா பாதிதான் கழிவு, அதுவும் மொத்த வருமானத்துல 10% உச்சவரம்புக்கு உட்பட்டு. 1 லட்சம் குடுத்தா 50,000 கழியும், 30% ஸ்லாப்ல செஸ் சேத்து 15,600 மிச்சம். ஆக உங்க கைய விட்டு போனது 84,400. பிரதமர் நிவாரண நிதி, முதலமைச்சர் பொது நிவாரண நிதி மாதிரியானதுக்கு முழுசா கழிவு, உச்சவரம்பும் இல்ல. ரொக்கமா 2,000க்கு மேல குடுத்தா கணக்குல வராது. அரிசி மூட்டை, பழைய துணி, கம்ப்யூட்டர் இப்படி பொருளா குடுத்தாலும் வராது. ரசீது மட்டும் இருந்தா பத்தாது, டிரஸ்டு மே 31க்குள்ள ரிட்டர்ன் போட்டு 10பிஇ சர்டிபிகேட் (நன்கொடைச் சான்று) தரணும், நம்ம பான் நம்பர் அதுல சரியா இருக்கணும். ஜூலை 30ம் தேதி ராத்திரி எனக்கு போன் பண்ணி "சார் ஒரு டொனேஷன் விட்டுப்போச்சு"ன்னு சொல்ற ஆளுங்களுக்காகவே இத எழுதறேன்.

டாக்ஸுக்கு முன்னாடியா பின்னாடியா கேள்விக்கு: கைக்கு வர்றத வச்சு போடுங்க. அரசாங்கத்துக்கு போனது உங்க காசே இல்ல.

நாஞ்சில்_அக்கா:

ஆடிட்டர் சார் கடைசி லைன்ல எனக்கு சம்மதமில்ல. எங்கப்பா எலிமெண்டரி ஸ்கூல் வாத்தியாரு, சம்பளம் வந்த அன்னைக்கே தசமபாகம் பத்துல ஒண்ணு எடுத்து கவர்ல போட்டு பைபிளுக்குள்ள வச்சிருவாங்க, பிடித்தம் போறதுக்கு முன்னாடி உள்ள சம்பளத்துல கணக்கு, பிஎஃப் லோன் எல்லாம் போனதுக்கப்புறம் உள்ளதுல இல்ல. அம்மைக்கு அதுல வருத்தம் உண்டு, நாங்க அஞ்சு பிள்ளையளு, மாசக் கடைசியில கடைக்காரர்ட்ட கணக்கு எழுதி வாங்குவோம், ஆனா அந்த கவர தொட மாட்டாங்க. அம்மைக்கு வருத்தம் இருந்தது நியாயம்தான்னு எனக்கு இப்பவும் தோணுது. குறைஞ்ச சம்பளக்காரனுக்கு 10% ஒரு வேள சாப்பாடு, உங்கள மாதிரி 3 லட்சம் வாங்குறவருக்கு 10% போனா மிச்சம் 2,70,000 நிக்குது, ரெண்டும் ஒரே 10% இல்ல. அதனால மேல போகப்போக பர்சன்ட்டும் ஏறணும், வருமானவரிக்கு ஸ்லாப் வச்சிருக்கான்லா, அதே மாதிரிதான்.

நான் பேங்க்ல இருக்கேன், வீட்டுக்காரர் மஸ்கட். ரெண்டு பேரும் 10% எடுக்கோம், ஆனா முழுசையும் சபைக்கு குடுக்கறதில்ல. பாதி சபைக்கு, பாதி ரெண்டு பிள்ளையளு நர்சிங் படிக்கதுக்கு. இத சொன்னா எங்க ஆளுகளே திட்டுவாங்க, தசமபாகம் முழுசும் ஆலயத்துக்குதான்னு. திட்டட்டு. அந்த ரெண்டுல ஒருத்தி போன வருஷம் வேலைக்கு சேந்தாச்சு.

ஒரு காரியம் மட்டும் அப்பாட்ட படிச்சேன். மொதல்ல எடுத்து வைக்கணும். செலவு போக மிச்சத்துல குடுக்கலாம்னா மிச்சமே வராது, 3 லட்சம் ஆனாலும் 30 லட்சம் ஆனாலும். சம்பளம் வர்ற அக்கவுண்ட்லேர்ந்து 2ம் தேதி தானா வேற அக்கவுண்டுக்கு போற மாதிரி போட்டு வையிங்க, அதுக்கு ஏடிஎம் கார்டு வாங்காதீங்க.

விருதுநகர்_வத்தல்:

எல்லாரும் தனித்தனி ஆளா குடுக்கறத பத்தியே பேசறீங்க. எங்க ஊர்ல மகமைன்னு ஒண்ணு இருந்துச்சு, இப்பவும் இருக்கு. வியாபாரத்துல மூடைக்கு இவ்வளவுன்னு பிடிச்சு உறவின்முறைல (சாதிக்காரங்க சேந்து நடத்தற சங்கம்) சேத்துருவாங்க, யாருக்கும் அது தான் குடுத்தோம்கற நினைப்பே வராது, வண்டிக்கூலி மாதிரி அதுவும் ஒரு செலவு. வியாபாரம் இல்லாத வீட்டுக்கு பிடி அரிசி, உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து தனிப் பானையில போடறது, வந்து வாங்கிட்டு போவாங்க. 1889ல க்ஷத்ரிய வித்யாசாலா பள்ளிக்கூடம் ஆரம்பிச்சு நடந்தது இப்படி சேந்த காசுலதான், காமராஜர் படிச்சது அங்கதான். ஒரு மூடைக்கு விழுந்தது சில்லறைக்காசு, ஆனா அது வருஷக்கணக்கா நிக்காம விழுந்துச்சு. செட்டிநாட்டுலயும் மகமை உண்டு, அவங்க அத கோயிலுக்கும் பாடசாலைக்கும் எழுதி வச்சாங்க.

பெரிய ஆளுங்க கதைதான் எல்லாருக்கும் தெரியும். அழகப்ப செட்டியார் காரைக்குடில சிக்ரி (மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) வர்றதுக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் தூக்கிக் குடுத்தார், 1948ல நேரு வந்து அடிக்கல் வச்சார். அந்த காலத்து 15 லட்சம்! ஆனா நாமெல்லாம் அழகப்பர் கிடையாது, அதனால அந்த கதைய கேட்டு கைதட்டிட்டு போயிடறோம். மகமை நம்ம சைஸுக்கு தைச்ச சட்டை. ஓஎம்ஆர் நண்பா, உங்க டீம்ல உங்கள மாதிரி சம்பளம் வாங்கற பத்து பேர் இருப்பாங்க, தலைக்கு மாசம் 10,000 போட்டா வருஷம் 12 லட்சம், உங்க ஊர் கவர்ன்மென்ட் ஸ்கூலுக்கு கக்கூஸும் லேபும் கட்டிரலாம். அதுக்குன்னே நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளின்னு 2022 டிசம்பர்ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்சிருக்கு, முன்னாள் மாணவர்களும் கம்பெனிகளும் அதுல போடலாம்.

மதுரை_மைனர்:

மகமை நல்லாத்தான்யா இருக்கும், சாதிக்குள்ள இருந்தவரைக்கும். ஒரே தெரு, ஒரே கோயில், ஏமாத்தினா மூஞ்சில முழிக்க முடியாது. ஐடி டீம்ல இன்னைக்கி இருக்கறவன் அடுத்த மாசம் ஹைதராபாத் போயிருவான், யாரு பிடிக்க யாரு கணக்கு பாக்க. பத்து பேர் வாட்ஸப் குரூப் ஆரம்பிப்பாய்ங்க, மூணாவது மாசம் குட் மார்னிங் மட்டும்தான் வரும்.

விருதுநகர்_வத்தல்:

அது நீங்க சொல்றது வாஸ்தவம்தான். ஆனா சாதி இல்லாம ஸ்கூல் பேட்ச்ன்னு வச்சு நடத்தறவங்க இருக்காங்க, பத்தாங்கிளாஸ் செட்டு குரூப்ல காசு விஷயத்துல யாரும் ஏமாத்த முடியாது, எல்லாருக்கும் எல்லார் அம்மாவையும் தெரியும்.

டிரஸ்ட்_வேலைக்காரி:

நான் வாங்கற பக்கம் இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கங்க. விழுப்புரம் மாவட்டத்துல ஒரு சின்ன டிரஸ்ட், அப்பா அம்மா இல்லாத, இல்ல இருந்தும் பாத்துக்க முடியாத பொண்ணுங்க தங்கி படிக்கற ஹோம், நான் கணக்கும் பாப்பேன் வார்டன் லீவு போட்டா ராத்திரியும் பாப்பேன்.

எத்தன பர்சன்ட்ங்கறத நீங்க எல்லாரும் பேசிட்டீங்க, எனக்கு அதுல கருத்து இல்ல. எங்களுக்கு காசு எப்படி வருதுங்கறதுதான் பிரச்சன. பொறந்தநாள், கல்யாணநாள், திவசம், இதுக்கெல்லாம் சாப்பாடு போட ஆள் வரிசைல நிக்கறாங்க. ஞாயித்துக்கிழமைன்னா மத்தியானம் ஒருத்தர் பிரியாணி, சாயங்காலம் ஒருத்தர் கேக், ராத்திரி ஒருத்தர் பரோட்டா. பிள்ளைங்களுக்கு திங்கக்கிழமை வயித்தால போகும். வர்றவங்க வரிசையா நிக்க வச்சு பாட்டு பாடச் சொல்லி போட்டோ எடுப்பாங்க, பத்தாங்கிளாஸ் படிக்கற பொண்ணுக்கு அது எவ்வளவு கூச்சமா இருக்கும்னு யோசிக்கறதில்ல, அடுத்த நாள் கிளாஸ்ல எவனாவது அந்த போட்டோவ காட்டுவான். ஆனா ஈபி பில் கட்ட, போர்வெல்ல மோட்டார் எரிஞ்சா காயில் கட்ட, வார்டன் சம்பளத்துக்கு, ராத்திரி ஒரு பிள்ளைக்கு ஜுரம்னா ஆட்டோவுக்கு, நாப்கினுக்கு, ஒரு ஆள் வர மாட்டாங்க. "நான் குடுக்கற காசு நேரா பிள்ளைங்களுக்கு போகணும் மேடம், சம்பளத்துக்கெல்லாம் கூடாது"ன்னு கண்டிஷன் வேற. நல்ல வார்டன் ரெண்டு வருஷத்துக்கு மேல நிக்கறதில்ல, பக்கத்துல ஷூ கம்பெனில அதவிட சம்பளம் ஜாஸ்தி. வார்டன் மாறும்போதெல்லாம் சின்னப் பிள்ளைங்க ரெண்டு வாரம் ராத்திரி அழும். அந்த சம்பளம் பிள்ளைங்களுக்கு போகலன்னு யாராவது சொன்னா எனக்கு கோவம் வரும்.

அடுத்தது மார்ச் மாசம். வருஷக் கடைசி டாக்ஸுக்காகவும் கம்பெனி சிஎஸ்ஆர் காசு (சமூகப் பணிக்குன்னு கம்பெனி ஒதுக்கறது) முடிக்கவும் மார்ச்ல நிறைய வரும், அதுவும் "31க்குள்ள செலவு பண்ணி பில் அனுப்புங்க"ன்னு வரும். கம்பெனி லோகோ போட்ட வாட்டர் ப்யூரிஃபையர் எங்கிட்ட மூணு இருக்கு, ஒண்ணுதான் ஓடுது, மத்ததுக்கு ஃபில்டர் மாத்த காசு இல்ல. ஜூன்ல கை காலி.

எங்களுக்கு உயிர் குடுக்கறது யாருன்னா மாசம் 1,000, 2,000ன்னு நிறுத்தாம போடற ஒரு முப்பது நாப்பது பேர். பாதிப்பேரு எங்கள பாத்ததுகூட இல்ல. ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் மாசம் 500 அனுப்பறார், அவர் 500 வரும்னு தெரிஞ்சு நான் பால்காரருக்கு சொல்ல முடியும். வருஷத்துக்கு ஒருதடவ ஒரு லட்சம் தர்றவர வச்சு நான் எதையும் யாருக்கும் சொல்ல முடியாது, வருவாரா மாட்டாரான்னு தெரியாது. அண்ணா நீங்க 3% போடுங்க 10% போடுங்க, மாசாமாசம் போடுங்க, எதுக்குன்னு கட்டுப்படுத்தாம போடுங்க, நிறுத்தறதா இருந்தா மூணு மாசம் முன்னாடி சொல்லிட்டு நிறுத்துங்க. இவ்வளவுதான்.

டல்லாஸ்_தம்பி:

மேடம் எழுதினது படிச்சதும் கைய கட்டிகிட்டு உக்காந்துட்டேன், நான் அந்த பிரியாணி கோஷ்டி. சரி இங்க அமெரிக்கா கணக்கு கொஞ்சம் சொல்றேன், யாருக்காவது உதவும். நிறைய கம்பெனில நீ ஒரு டாலர் போட்டா கம்பெனி ஒரு டாலர் போடும், ஒரு வரம்பு வரைக்கும், பாதி நம்மாளுங்க அத கேக்கறதே இல்ல (சென்னை ஆஃபீஸ்லயும் சில கம்பெனில உண்டு, ஓஎம்ஆர் ப்ரோ உங்க எச்ஆர் போர்ட்டல்ல தேடிப் பாருங்க). ஒரு வருஷத்துக்கு மேல வச்சிருந்த ஷேர் விலை ஏறியிருந்தா வித்து காசா குடுக்காம ஷேராவே குடுத்தா ஏறின லாபத்துக்கு வரி கட்ட வேண்டாம், டொனேஷன் கழிவும் மார்க்கெட் விலைக்கு கிடைக்கும். ஆனா அது அமெரிக்காவுல பதிவான சாரிட்டிக்கு மட்டும்தான், ஊர் டிரஸ்டுக்கு நேரா அனுப்பினா இங்க கழிவு கிடையாது.

இன்னொரு முக்கியமான விஷயம், சிட்டிசன் ஆயிட்டவங்க கவனிக்கணும். இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கவன் தன்னோட சேமிப்புலேர்ந்து பேங்க் வழியா ஊர் டிரஸ்டுக்கு அனுப்பினா அது ஃபாரின் காசு கிடையாது. அமெரிக்க பாஸ்போர்ட் வாங்கிட்டா, ஓசிஐ கார்டு (வெளிநாட்டு குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்கு தர்றது) இருந்தாலும், அது ஃபாரின் காசுதான், டிரஸ்டுக்கு எஃப்சிஆர்ஏ பதிவு (வெளிநாட்டு நன்கொடை வாங்க அனுமதி) இருக்கணும், 2020 திருத்தத்துக்கு அப்புறம் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல அதுக்குன்னு உள்ள அக்கவுண்ட்லதான் வாங்கணும். தெரியாம அனுப்பி பாவம் அந்த டிரஸ்ட மாட்டி விட்ராதீங்க.

பர்சன்ட்டுக்கு, இங்க வெள்ளக்காரங்க கிட்ட 10% உறுதிமொழி எடுக்கற ஒரு கூட்டம் இருக்கு, கிவிங் வாட் வீ கேன்னு, 2009ல ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு தத்துவ ஆசிரியர் ஆரம்பிச்சது, சாமிக்காக இல்லாம கணக்குக்காக குடுக்கறவங்க. நான் அதுல சேரல, 4%ல நிக்கறேன். ஆனா சம்பள உயர்வுல பாதிய குடுக்கறதுன்னு வச்சிருக்கேன், கைக்கு வர்றதுக்கு முன்னாடியே போறதால வலிக்கல, பர்சன்ட் தானா ஏறுது.

ராத்திரி_ஷிப்ட்:

"பின்னாடி பெருசா பண்றேன்" கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. அசிம் பிரேம்ஜி 2019ல விப்ரோ ஷேர்ல இன்னும் 34% பலனை ஃபவுண்டேஷனுக்கு எழுதி வச்சு மொத்தம் 67% ஆக்கினார், அவர் முதல்ல கம்பெனிய வளத்துட்டுதான் குடுத்தார். நம்ம தூத்துக்குடி மாவட்டத்துக்காரர் ஷிவ் நாடாரும் எச்சிஎல் நல்லா நின்னதுக்கு அப்புறம் 1996ல எஸ்எஸ்என் காலேஜ் ஆரம்பிச்சார். சேத்து வச்சு குடுத்தா தொகை பெருசாகும்ங்கறது சரிதான். ஆனா அந்தப் பக்கம் பாலம் கல்யாணசுந்தரம் ஐயா இருக்கார், ஸ்ரீவைகுண்டம் காலேஜ்ல லைப்ரரியன், சர்வீஸ்ல இருந்தவரைக்கும் சம்பளத்த குடுத்துட்டு சாப்பாட்டுக்கு வேற சில்லறை வேலை பாத்தவர், 2023ல பத்மஸ்ரீ. நாம இந்த ரெண்டு வகையிலயும் சேத்தி இல்ல. கம்பெனி ஓனர் சேத்து வச்சா அது தொழில்ல ஓடுது, சம்பளக்காரன் சேத்து வச்சா அது ரெண்டாவது ஃப்ளாட் ஆகுது, நான் பாத்தவரைக்கும்.

மதுரை_மைனர்:

ரெண்டாவது ஃப்ளாட் வாங்கினவன் நான்தான், ஏன்யா என்னைய பாத்துட்டே பேசற. வாடகைக்கு விட்ருக்கேன், ஒரு நர்ஸம்மாவுக்கு ரேட்ட குறைச்சுத்தான் விட்ருக்கேன்.

ஓஎம்ஆர்_வாசி:

எல்லாருக்கும் நன்றி, நேத்து நைட்டு ஒய்ஃபோட உக்காந்து படிச்சோம். இப்போதைக்கு நாங்க போட்ட கணக்கு இது. கைக்கு வர்ற சம்பளத்துல 5%, அதாவது மாசம் 15,000, 2ம் தேதி தனி அக்கவுண்டுக்கு (கார்டு இல்லாம, அக்கா சொன்ன மாதிரி). அதுல 10,000 ஒரே இடத்துக்கு மாசாமாசம், மிச்சம் 5,000 வாட்ஸப் போஸ்டர், கோயில், வெள்ளம் இதுக்கெல்லாம், தீந்துபோச்சுன்னா அந்த மாசம் சாரி சொல்லிடுவேன். போனஸும் ஷேரும் வந்தா 10%, காக்கா சொன்ன மழைத்தண்ணி கணக்கு. அப்பா அம்மாவுக்கு போறது இதுல சேராது. தங்கச்சிக்கு குடுக்கறதையும் தனியா வச்சுட்டேன், இதுலதான் வீட்ல வாக்குவாதம். ஒய்ஃப் சொல்றது, தங்கச்சிக்கு குடுக்கறத தர்மக் கணக்குல எழுதினா நாளைக்கு அவ முன்னாடி நமக்கு ஒரு திமிர் வந்துரும், அது வேணாம்னு. ஷேருக்கு 10% கொஞ்சம் பயமாத்தான் இருக்கு, மார்க்கெட் நல்லா இருந்தா அது பெரிய தொகை ஆகும், ஒரு வருஷம் பாக்கறேன். அக்கா சொன்ன ஸ்லாப் ஏத்தறத அடுத்த இன்க்ரிமென்ட்ல பாக்கறேன்.

டிரஸ்ட் மேடம் ஒரு சந்தேகம், மாசம் 10,000 போடறவன் வந்து கணக்கு கேட்டா அது மரியாதையா இருக்குமா? நல்ல டிரஸ்டா இல்லையான்னு எப்படித்தான் பாக்கறது?

டிரஸ்ட்_வேலைக்காரி:

தாராளமா கேளுங்க அண்ணா, கேட்டா முகம் சுளிக்கற இடத்துக்கு போடாதீங்க. 80ஜி பதிவு இப்பவும் உயிரோட இருக்கான்னு இன்கம்டாக்ஸ் வெப்சைட்லயே பாக்கலாம். கடைசி ரெண்டு வருஷ ஆடிட் ரிப்போர்ட் கேளுங்க, அதுல சம்பளம்னு எவ்வளவு போட்டிருக்குன்னு பாத்து அது கம்மியா இருந்தா சந்தோசப்படாதீங்க, யாரு பிள்ளைங்கள பாத்துக்கறாங்கன்னு கேளுங்க. குழந்தைங்க ஹோம்னா ஜேஜே ஆக்ட்ல (சிறார் நீதிச் சட்டம்) பதிவு இருக்கான்னு கட்டாயம் பாக்கணும், அது இல்லாம எவ்வளவு அன்பா பேசினாலும் வேணாம். முன்னாடியே சொல்லாம வந்தா உள்ள விடமாட்டாங்க, அத தப்பா எடுத்துக்காதீங்க, கண்டவங்கள உள்ள விடாத ஹோம்தான் நல்ல ஹோம். டைம் கேட்டு வாங்க, ஜூன் மாசம் வாங்க, நோட்டு, யூனிஃபார்ம், பஸ் பாஸ்னு எல்லாம் ஒண்ணா வந்து நிக்கற நேரம், எங்க கை நெலவரம் அப்பதான் தெரியும்.

மதுரை_மைனர்:

ஜூன்ல எங்க வீட்டுக்கும் வாங்கண்ணே, ரெண்டு பிள்ளைக்கு ஃபீஸ் கட்டிட்டு நானும் அந்த நெலவரத்துலதான் இருப்பேன். மேடம், அந்த மோட்டார் காயில் கட்டறதுக்கு எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க, எனக்கு தெரிஞ்ச வைண்டிங் கடைக்காரன் திண்டிவனத்துல இருக்கான்.